கட்டடச் சொற்கள்: பினாங்கில் வீடு கட்டுவோரும் திருத்துவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு கட்டட வரைவு அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் தொழில். உறவினர்களும் அண்டை வீட்டாரும் கோயில் நிர்வாகத்தினரும் குத்தகையாளர், அதாவது கட்டட ஒப்பந்ததாரர், கொடுத்த கொட்டேஷனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இதில் என்னதான் எழுதியிருக்கிறது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நம் ஊர்க் கட்டுமானத் தளங்களில் ஒரே பொருள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீன வழக்கான ஹொக்கியனிலுமாக நான்கு பெயர்களோடு நடமாடுகிறது. கொத்தனார் ஒன்றைச் சொல்ல, வீட்டுக்காரர் வேறொன்றைப் புரிந்துகொள்ள, தாளில் மூன்றாவதாக ஒன்று எழுதப்பட்டிருக்கும். தாளில் பெயர் இல்லாத வேலை பெரும்பாலும் தளத்தில் நடப்பதில்லை என்பதை என் அம்மாவின் வீட்டிலேயே கண்டவள் என்பதால், என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் சொற்களுக்கு இங்கே விளக்கம் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: "கட்டடம்" என்று எழுத வேண்டுமா, "கட்டிடம்" என்று எழுத வேண்டுமா?

கட்டி எழுப்பப்பட்டது கட்டடம். கட்டுவதற்குரிய இடம், அதாவது மனை, கட்டிடம் என்று இலக்கண ஆசிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். நாளிதழ்களில் இரண்டும் ஒரே பொருளில் வருகின்றன. நான் முதலாவதையே எழுதுகிறேன்.

கேள்வி: வரைபடத்தில் ஒரே வீட்டை ஏன் மூன்று நான்கு விதமாக வரைகிறார்கள்?

வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைவது தரைப்படம். உண்மையில் அது மேலிருந்து பார்த்த காட்சி அன்று. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் வீட்டைக் கிடைமட்டமாக அறுத்து, மேல்பாதியை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தால் தெரிவதாகும். அதனால்தான் சன்னல்கள் தரைப்படத்தில் தெரிகின்றன. வெளியே நின்று ஒரு பக்கத்தை நேராகப் பார்த்து வரைவது முகப்புத் தோற்றம். வீட்டைச் செங்குத்தாக அறுத்து உள்ளே காட்டுவது வெட்டுத் தோற்றம்.

வீட்டுக்காரர்கள் தரைப்படத்தையும் முகப்பையும் ஆசையோடு பார்த்துவிட்டு வெட்டுத் தோற்றத்தைப் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் கூரையின் சரிவு, உட்கூரையின் உயரம், தரை எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது, தூணின் அடியில் வரும் அடிக்கட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்பவை எல்லாம் அந்த ஒரு படத்தில்தான் இருக்கின்றன. அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கும். 3,000 என்று எழுதியிருந்தால் மூன்று மீட்டர், ஏறக்குறைய பத்தடி. ஒன்றுக்கு நூறு என்னும் அளவுத்திட்டத்தில், தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு மீட்டர். ஆனாலும் அடிக்கோலை வைத்துத் தாளை அளந்து முடிவெடுக்காதீர்கள். நகலெடுக்கும்போது தாள் சுருங்கியிருக்கலாம். எழுதப்பட்டிருக்கும் எண்ணே கணக்கு.

கேள்வி: கடைக்கால், அஸ்திவாரம், அடித்தளம், பைலிங்: இவை அனைத்தும் ஒன்றா?

முதல் மூன்றும் ஒன்றே. கடைக்கால் பழைய தமிழ்ச் சொல், அஸ்திவாரம் பேச்சு வழக்கில் உள்ளது, அடித்தளம் பாடநூலும் நாளிதழும் எழுதுவது. கடைக்காலுக்காகப் பள்ளம் வெட்டுவதைத் தமிழகத்துக் கொத்தனார்கள் "வானம் தோண்டுதல்" என்பார்கள். பூமியைத் தோண்டுவதற்கு வானம் என்று பெயர் வைத்த அந்த வழக்கை முதன்முதலில் கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பைலிங் அப்படியன்று. அது அடித்தளத்தில் ஒரு வகை. மேல்மண் வலுவாக இருக்கும் இடத்தில் தூணின் அடியில் அகலமான கான்கிரீட் பாதம் ஒன்றை வைத்தால் போதும். அதற்கு அடிக்கட்டு என்று பெயர், தளத்தில் "ஃபுட்டிங்" என்பார்கள். மேல்மண் இளகியதாக இருந்தால் அந்தப் பாதம் வீட்டோடு சேர்ந்து மெல்லப் புதையும். அப்போது நீண்ட கழிகளை மண்ணுக்குள் இறக்கி, கீழே உள்ள உறுதியான அடுக்கின் மீதோ, கழியின் பக்கங்களைப் பற்றும் மண்ணின் உராய்வின் மீதோ சுமையை ஏற்றுவார்கள். அந்தக் கழிகளே பைல்கள், மலாயில் செருச்சோக். இன்று பெரும்பாலும் கான்கிரீட் கழிகளே இறக்கப்படுகின்றன. முன்பு பாக்காவ் எனப்படும் கண்டல் மரக்கழிகள் இறக்கப்பட்டன. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே காற்று புகாது என்பதால் அங்கே முழுவதுமாக மூழ்கியிருக்கும் மரம் மிக நீண்ட காலம் உளுக்காமல் இருக்கும். நீர்மட்டம் இறங்கிக் கழியின் தலை வெளியே தெரியத் தொடங்கினால் அழுகல் தொடங்கிவிடும்.

இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டர்வொர்த் பக்கம் கடலோரத்தில் பல இடங்களில் மென்மையான கடற்களிமண் உள்ளது. அங்குள்ள அம்மாவின் ஒருமாடித் தொடர்வீட்டை மேம்பாட்டாளர் பைல்களின் மீது கட்டியிருந்தார். பின்னால் சமையலறையைப் பத்தடி நீட்டியபோது, குத்தகையாளரின் தாளில் "சமையலறை நீட்டிப்பு, அடித்தளம் உட்பட" என்று ஒரே வரி இருந்தது. நான் அப்போது கோலாலம்பூரில் வேலையில் இருந்தேன். தொலைபேசியில் வரியைப் படித்துக் காட்டினார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். "அடித்தளம்" என்று அவர் எழுதியது, நிரப்பிய மண்ணின் மேல் கம்பிவலை விரித்து ஊற்றிய ஒரு கான்கிரீட் தளத்தை மட்டுமே. வார்த்தையளவில் அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளில் பழைய வீடு அப்படியே நிற்க, புதிய சமையலறை மட்டும் இறங்கத் தொடங்கியது. இரண்டும் சேரும் இடத்தில் சுவரில் இருபது காசு நாணயம் உள்ளே போகும் அளவுக்குப் பிளவு விழுந்து, அதன் வழியாக எறும்பு வரிசையாக வந்தது.

ஆகவே நீட்டிப்பு வேலைக்குக் கேட்க வேண்டிய கேள்வி "அடித்தளம் உண்டா?" என்பதன்று. எந்த வகை அடித்தளம், எத்தனை பைல், எவ்வளவு ஆழம், பழைய வீடு எதன் மீது நிற்கிறது என்பவையே கேள்விகள்.

கேள்வி: தூண், உத்தரம், விட்டம், தளம் ஆகியவை எவை?

நிற்பது தூண். நம் முன்னோர் இதைக் கால் என்றும் சொன்னார்கள். ஆயிரங்கால் மண்டபம் என்ற பெயரில் அது இன்னும் இருக்கிறது. தூணிலிருந்து தூணுக்குப் படுத்துக் கிடப்பது உத்தரம் அல்லது விட்டம். கான்கிரீட்டில் இரண்டுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை, தளத்தில் "பீம்" என்றே பெயர். மேலே பரப்பாகக் கிடப்பது தளம். தளத்தின் சுமை உத்தரத்துக்கும், உத்தரத்தின் சுமை தூணுக்கும், தூணின் சுமை அடிக்கட்டுக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் போகிறது. அடிக்கட்டுக்கும் தரைக்கும் நடுவே மண்ணுக்குள் மறைந்திருக்கும் குட்டைத் தூணை "ஸ்டம்ப்" என்பார்கள். அந்தக் குட்டைத் தூண்களை ஒன்றோடொன்று கட்டி, மேலே வரும் செங்கல் சுவரைத் தாங்குவது தரை உத்தரம்.

சுவரைத் தாண்டி வெளியே கைநீட்டி நிற்கும் பால்கனி போன்ற பகுதிக்கு நெடுங்கை என்று தமிழில் அழகான சொல் உண்டு. அதில் முக்கியக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும், ஏனெனில் நெடுங்கை வளையும்போது இழுபடுவது மேல்பக்கம். இரு முனையிலும் தாங்கப்பட்ட உத்தரத்தின் நடுவில் இதற்கு நேர்மாறாகக் கீழ்ப்பக்கம் இழுபடும். கான்கிரீட் ஊற்றும் அன்று, மேலே இருக்க வேண்டிய கம்பியை ஆட்கள் மிதித்துக் கீழே அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவ்வளவு முக்கியம்.

கேள்வி: எந்தச் சுவரை இடிக்கலாம்?

இந்தக் கேள்விக்கு யாரும் தட்டிப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. சுவர்களில் மூன்று வகையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மேலேயுள்ள தளத்தையோ கூரையையோ தாங்குவது சுமைதாங்கும் சுவர். அறைகளைப் பிரிப்பதற்காக மட்டும் நிற்பது தடுப்புச் சுவர். இரு வீடுகளுக்கு நடுவே நின்று இருவருக்கும் பயன்படுவது பொதுச்சுவர்.

தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் உள்ள தொடர்வீடுகளில் பெரும்பாலானவை கம்பியிட்ட கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் கொண்ட சட்டகத்தால் நிற்பவை. செங்கல் அந்தச் சட்டகத்தின் இடைவெளியை நிரப்புகிறது. அரைக்கல் சுவர் ஏறத்தாழ நாலரை அங்குலத் தடிமனும், முழுக்கல் சுவர் ஒன்பது அங்குலத் தடிமனும் கொண்டவை. கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் நிலைமை வேறு. அங்கே தடித்த பொதுச்சுவர்களே வீட்டின் எலும்பு. மாடித்தரையின் மர விட்டங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்குப் போய் அதற்குள் செருகப்பட்டிருக்கும். அதில் கைவைப்பது பக்கத்து வீட்டின் மாடியிலும் கைவைப்பதாகும். புதிய அடுக்குமாடிகளில் சிலவற்றில் சுவர் முழுவதுமே கான்கிரீட்டாக வார்க்கப்பட்டிருப்பதால், மெல்லியதாகத் தோன்றும் உள்சுவரும் பன்னிரண்டு மாடிச் சுமையைச் சுமந்துகொண்டிருக்கலாம். கட்டமைப்பு வரைபடத்தைப் பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை சுத்தியலை எடுக்க வேண்டாம்.

கேள்வி: கான்கிரீட்டில் "கிரேடு 25" என்றால் என்ன? 28 நாள் கணக்கு எதற்கு?

தளத்தில் ஊற்றும் அதே கான்கிரீட்டிலிருந்து 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டிகளை வார்த்து, 28 நாள் நீரில் வைத்துப் பின் அழுத்தி நொறுக்குவார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் என எதிர்பார்க்கப்படுவது கிரேடு 25. சிமெண்ட் 28-ஆம் நாளோடு இறுகுவதை நிறுத்திவிடுவதில்லை. அதற்குப் பிறகும் மெதுவாக வலுப்பெறும். ஆனால் வலிமையின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடுவதால் ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவான நாளாக அது கொள்ளப்படுகிறது.

பழைய முறையில் ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என்று அளந்து கலப்பார்கள். இந்த விகிதம் எல்லாருக்கும் தெரியும். இதில் விடுபடும் நான்காவது பொருளே கான்கிரீட்டைக் கெடுப்பது. அது தண்ணீர். கலவை கனமாக இருந்தால் கொட்டிப் பரப்புவது கடினம் என்பதால், குழாயைத் திறந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். சிமெண்ட் இறுகுவதற்குத் தேவையானதைத் தாண்டிய நீர் பின்னர் ஆவியாகிப் போகும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுச் செல்லும். வலிமையும் குறையும், பிற்பாடு ஈரமும் நுழையும். கலவையின் இளக்கத்தைக் காண 300 மில்லிமீட்டர் உயரமுள்ள கூம்பில் அதை நிரப்பி, கூம்பைத் தூக்கியவுடன் எவ்வளவு சரிகிறது என்று அளப்பார்கள். இதற்கு "ஸ்லம்ப்" சோதனை என்று பெயர்.

ஊற்றியபின் மேற்பரப்பை ஈரமாக வைத்திருப்பது நீராற்றுதல். சாக்கு விரித்து நீர் தெளித்தோ, பாத்தி கட்டி நீரைத் தேக்கியோ ஒரு வாரமாவது செய்ய வேண்டும். "இங்கேதான் தினமும் மழை பெய்கிறதே" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். காலை முழுவதும் காய்ந்து, மாலையில் ஒரு மணி நேரம் நனைவது நீராற்றுதல் ஆகாது.

கேள்வி: "ஒய்12-150", "பிஆர்சி ஏ6" போன்ற குறிகளை எப்படிப் படிப்பது?

ஒய் அல்லது டி என்பது வரி விழுந்த உயர்வலிமைக் கம்பி. ஆர் என்பது வழவழப்பான மென்கம்பி. அடுத்து வரும் எண் மில்லிமீட்டரில் விட்டம். கோட்டுக்குப் பின் வருவது ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை உள்ள தூரம். ஆக, 12 மில்லிமீட்டர்க் கம்பியை 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இடு என்பது பொருள். 4டி16 என்றால் 16 மில்லிமீட்டர்க் கம்பி நான்கு. பிஆர்சி என்று நாம் அழைப்பது தொழிற்சாலையில் பற்றவைக்கப்பட்ட கம்பிவலை. ஏ6 என்பதில் 6 மில்லிமீட்டர்க் கம்பிகள் இருபுறமும் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும்.

கடையில் எடை சரிதானா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர்க் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.89, பன்னிரண்டு மீட்டர் நீளக் கம்பி பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும்.

கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனுக்குக் "கவர்" என்று பெயர். உத்தரத்துக்கு 25 மில்லிமீட்டர், மண்ணைத் தொடும் அடிக்கட்டுக்கு 50 மில்லிமீட்டர் என்பது போல வரைபடக் குறிப்பில் இருக்கும். இதைக் காப்பதற்காகக் கம்பிக்கு அடியில் சிறு சிமெண்ட் கட்டிகளை வைப்பார்கள். பழைய அடுக்குமாடிகளின் குளியலறைக் கூரையில் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மேல்வீட்டிலிருந்து கசியும் நீர், போதிய மூடல் இல்லாத கம்பியை எட்டிவிடுகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது பயன் தராது. கசிவை நிறுத்தி, துருவைச் சுரண்டி, அதன்பின் அடைக்க வேண்டும்.

கேள்வி: பிளாஸ்டர், ஸ்கிம் கோட், ஸ்கிரீட் என்பவை?

சுவரில் பூசும் மணல்-சிமெண்ட் பூச்சு பிளாஸ்டர். அதன் மேல் வழவழப்புக்காக மெல்லிய படலமாக இழைப்பது ஸ்கிம் கோட். ஓடு பதிப்பதற்கு முன் தரையை மட்டப்படுத்துவதோ, குளியலறையில் நீர் ஓடுவதற்குச் சரிவு கொடுப்பதோ ஸ்கிரீட்.

கேள்வி: படிக்கட்டுக்கு விதி உண்டா? அறையின் உயரத்துக்கு?

உண்டு. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் 1984-இல் வகுக்கப்பட்ட சீரான கட்டடத் துணைச்சட்டங்கள் இவற்றைச் சொல்கின்றன. மாநிலங்கள் தத்தம் அரசிதழில் வெளியிட்டு அவற்றை நடைமுறைப்படுத்துகின்றன. படியின் ஏற்றம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் மிதி 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தரைக்கும் மாடிக்கும் மூன்று மீட்டர் உயரமானால், 3,000-ஐ 180-ஆல் வகுத்தால் பதினாறு படியில் எட்டாது. பதினேழு ஏற்றம் வேண்டும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 176 மில்லிமீட்டர். பதினேழு ஏற்றத்துக்குப் பதினாறு மிதி. பதினாறை 255-ஆல் பெருக்கினால் நாலு மீட்டருக்குச் சற்று மேல். நேராக ஏறும் படிக்கட்டுக்கு வீட்டில் அவ்வளவு நீளம் இருக்கிறதா என்பதை வரைவதற்கு முன்பே அளந்துவிடலாம்.

வசிக்கும் அறையும் படுக்கையறையும் 2.5 மீட்டர், சமையலறை 2.25 மீட்டர், குளியலறை 2 மீட்டர் என்பன குறைந்த அளவு உயரங்கள். அறைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சன்னல் இருக்க வேண்டும். காற்று தடையின்றிப் போகத் திறக்கும் பகுதி இருபதில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பின்கட்டை முழுவதுமாக மூடி நீட்டிவிட்டு நடு அறையை இருட்டாக்கிக்கொண்ட வீடுகளுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் காற்று ஓடாத அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கூடாது.

கேள்வி: அஞ்சடி என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கடைவரிசையின் முன்னால், மாடியின் கீழே கூரையோடு போகும் நடைவழியே அஞ்சடி. மலாயில் காக்கி லீமா. இரண்டுக்கும் ஐந்து அடி அகலம் என்பதே பொருள். சிங்கப்பூருக்கு 1822-இல் ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் வகுத்த நகரமைப்பு அறிவுரைகளில், செங்கல் வீடு ஒவ்வொன்றின் முன்னும் எப்போதும் திறந்திருக்கும் கூரையிட்ட நடைவழி வேண்டும் என்று இருந்தது. அவ்வழக்கம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் மற்ற நகரங்களிலும் வேரூன்றியது. எல்லா அஞ்சடியும் அளந்தாற்போல் ஐந்தடி இருப்பதில்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் மழை கொட்டும்போது குடையில்லாமல் கடை கடையாகப் போக முடிவது இதனால்தான். நிலம் கடைக்காரருடையதாக இருந்தாலும் வழி பொதுமக்களுடையது என்பது இதன் சாரம். சரக்குப் பெட்டிகளை அடுக்கி அதை அடைப்பது அந்தச் சாரத்தையே கெடுக்கிறது.

கடைவீட்டின் நடுவில் வானத்துக்குத் திறந்திருக்கும் பகுதியை ஆங்கிலத்தில் "ஏர்வெல்" என்கிறார்கள். நமக்கு அது முற்றம். குறுகலாக, மிக நீளமாக இருக்கும் வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் இறங்குவது அதன் வழியாகத்தான். அதைச் சுற்றியுள்ள கூரையின் ஓரம் இறவாரம். சுற்றி ஓடும் நிழல்வழி தாழ்வாரம்.

கேள்வி: பாரம்பரியக் கட்டடத்தில் ஏன் சிமெண்ட் பூசக் கூடாது என்கிறார்கள்?

ஜார்ஜ்டவுன், மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியைச் சற்றுக் கோபத்தோடே கேட்கிறார்கள். காரணம் அழகு மட்டுமன்று. பழைய சுவரின் செங்கல் மென்மையானது, நீரை உறிஞ்சுவது. மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்பு வெள்ளையும் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்பார்கள். சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் அதை உள்ளேயே அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, தன்னோடு கொண்டுவந்த உப்பைச் செங்கல்லுக்குள் படியச் செய்யும். உப்பு படிகமாகும்போது செங்கல் மாவாக உதிரும். பூச்சு கல்லைப் போல் நிற்க, அதன் பின்னால் சுவர் பொடியாகிக்கொண்டிருக்கும். ஒரு கடைவீட்டில் பெயர்ந்து விழுந்த சிமெண்ட் பாளத்தின் பின்புறத்தை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அரை அங்குலத்துக்குச் செங்கல் சிவப்பு மாவாக அதில் ஒட்டியிருந்தது.

இந்தச் சுண்ணாம்புக் கலை நமக்கு அந்நியமானதன்று. சங்குச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்துக் குழைத்து, காய்ந்தபின் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கும் பூச்சை ஆங்கிலேயர் "மெட்ராஸ் சுனாம்" என்றே எழுதினார்கள். 1818-இல் முடிந்த ஜார்ஜ்டவுன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அந்தக் கைகள் யாருடையவை என்று பெயர் சொல்லும் கல்வெட்டு ஏதும் அங்கே எனக்குத் தென்படவில்லை என்பது எப்போதும் எனக்கு உறுத்தும்.

கேள்வி: கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கிறோம். ஸ்தபதி சொல்லும் சொற்கள் விளங்கவில்லை.

கருவறையின் மேல் எழுவது விமானம். வாயிலின் மேல் எழுவது கோபுரம். விமானத்தைக் கீழிருந்து மேலாக ஆறு உறுப்புகளாகச் சொல்வார்கள்: அதிட்டானம், கால், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. அதிட்டானம் வீட்டின் தரைபீடத்துக்கு இணையானது. அதில் உருண்டையாக ஓடும் வரி குமுதம். கால் என்பது சுவரும் தூணும். பிரஸ்தரம் உத்தர வரிசை. அதில் வளைந்து வெளியே நீளும் கொடுங்கை, மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளிச் சொட்ட வைக்கும் வேலையைச் செய்கிறது. கிரீவம் கழுத்து, சிகரம் தலை, ஸ்தூபி உச்சிக் கலசம். தூணின் தலையில் இருபுறமும் விரிந்து உத்தரத்தைத் தாங்கும் கல் போதிகை. உத்தரம் தாங்கலில்லாமல் கிடக்கும் நீளத்தைக் குறைப்பது அதன் பணி.

1833-இல் தோன்றிய குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலின் கோபுரத்தை எதிர்ப்பக்கத்து அஞ்சடியில் நின்று பார்த்தால் இவற்றுள் பலவற்றை விரலால் சுட்டிக் காட்டலாம். கோபுரத்தின் உருவங்கள் சுதை வேலை. குடமுழுக்குக்கு முன் வண்ணம் பூசுவதற்குச் செலவழிக்கும் குழுக்கள், சுதையின் வெடிப்பை அடைப்பதற்கும் கோபுரத் தளங்களில் நீர் தேங்காமல் வடிவதற்கும் தனித்தனியாகப் பணம் ஒதுக்கினால் அந்த வண்ணம் நிலைக்கும்.

கேள்வி: கொட்டேஷனிலும் ஒப்பந்தத்திலும் வரும் சொற்கள்?

"லம்ப் சம்" என்பது முழு வேலைக்கும் ஒரே தொகை. "விஓ" என்பது ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் அல்லது மாற்று வேலைக்கான ஆணை. வாய்ச்சொல்லாக விட்டால் இறுதியில் சண்டை வருவது இதில்தான். "ரிடென்ஷன்" என்பது குறை சரிசெய்யப்படும் வரை பிடித்துவைக்கும் தொகை. மேம்பாட்டாளரிடம் வாங்கும் புதிய வீட்டுக்குச் சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதக் குறைதிருத்தக் காலம் உண்டு. "சிசிசி" என்பது கட்டடம் விதிப்படி முடிந்தது என்ற சான்றிதழ். 2007 முதல் இதை ஊராட்சி மன்றத்துக்குப் பதிலாக, திட்டத்துக்குப் பொறுப்பேற்ற கட்டடக்கலைஞரோ பொறியாளரோ வழங்குகிறார். "சிஐடிபி" என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்; குத்தகையாளர்கள் அங்கே ஜி1 முதல் ஜி7 வரையான தரங்களில் பதிவு செய்கிறார்கள். தரம் அவர் எடுக்கக்கூடிய வேலையின் மதிப்பைக் காட்டுகிறதே தவிர, கைத்திறனைக் காட்டுவதில்லை. அவர் முடித்த வீடு ஒன்றை நேரில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சுவரில் விரிசல் விழுந்தால் எது ஆபத்து?

பூச்சில் மயிரிழையாக வலைபோல் ஓடுவது பெரும்பாலும் காய்ந்ததால் வருவது; வண்ணம் பூசும்போது சரிசெய்துகொள்ளலாம். சன்னல், கதவின் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவதும், சுவரில் படிக்கட்டுபோல் செங்கல் இணைப்பைத் தொடர்ந்து போவதும் அடித்தளம் ஒருபக்கம் இறங்குவதைக் காட்டக்கூடும். உத்தரத்திலும் தூணிலும் விரிசல் கண்டால் அன்றே பொறியாளரை அழையுங்கள்.

விரிசலின் அகலத்தைவிட, அது நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்பதே பெரிது. அதைக் காண விலையுயர்ந்த கருவி தேவையில்லை. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஓரிடத்தில் அகலத்தை அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் பாருங்கள்.

அம்மாவின் சமையலறையில் இதைத்தான் செய்தோம். பழைய வீட்டையும் புதிய பகுதியையும் ஒட்ட வைக்கப் பார்ப்பது வீண் என்று பொறியாளர் சொன்னார். இரண்டுக்கும் நடுவே கூரை முதல் தரை வரை நேர்கோடாக அறுத்து, தனித்தனியே அசைய விட்டு, இடைவெளியை நெகிழும் அடைப்பால் நிரப்பினார்கள். மேலே மழை இறங்காதிருக்கத் தகட்டு மடிப்பு வைத்தார்கள். இதற்கு நகர்விணைப்பு என்று பெயர். முதலிலேயே கொட்டேஷனில் அந்தச் சொல் ஒரு வரியாக இருந்திருந்தால் செலவு ஒரு சிறு பகுதியாகவே இருந்திருக்கும். அடுப்புக்கு மேலே சுவரில் என் பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. கடைசி மூன்று தேதிகளுக்கு எதிரே ஒரே அளவு எழுதியிருக்கிறது. வண்ணம் பூசும்போது அந்த ஓரடிச் சதுரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.